துண்டுக்குள் பேசிய விலை

வாசகர் கடிதம்:

"கோயமுத்தூர் அரசூர் பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில் குவாலிட்டி இன்ஜினியராக இருக்கிறேன். வயது 31, சர்வீஸ் 6 வருஷம் முடிந்தது. எங்கள் பிரிவில் 11 பேர். ஃபவுண்டரியிலிருந்து மாதம் 4,000 காஸ்டிங் (வார்ப்புப் பாகம்) வருகிறது. போன வருஷ ஆரம்பத்தில் ரிஜெக்‌ஷன் 7 சதவீதம். ஃபவுண்டரிக்கே போய் உட்கார்ந்து மணல் ஈரம், ஊற்றும் சூடு எல்லாம் பார்த்து 3 சதவீதத்துக்குக் கொண்டுவந்தேன். இந்த ஏப்ரல் அப்ரைசலில் எனக்கு 5க்கு 3. இன்கிரிமென்ட் 4 சதவீதம். மாதம் 42,000 சி.டி.சி.யில் (கம்பெனி எனக்காகச் செலவிடும் மொத்தத் தொகை) 1,680 ரூபாய் ஏற்றம் என்று லெட்டர் சொல்கிறது, கைக்கு வந்தது 1,438. 2023இல் 5 சதவீதம், 2024இல் 4.5, இப்போது 2025இல் 4. என்னைவிட இரண்டு வருஷம் ஜூனியர் ஒருவர், ஜி.எம்.மோடு காலையில் ஷட்டில் விளையாடுகிறவர், அவருக்கு ரேட்டிங் 4, இன்கிரிமென்ட் 9 சதவீதம். 'நான் உனக்கு 4தான் போட்டேன், மேலே குறைச்சுட்டாங்க' என்கிறார் மேனேஜர். நம்புவதா? பேப்பர் போட்டு வேலையை விட்டுவிடலாமா? 'குடுக்குற சம்பளத்துக்கு வேலை செஞ்சாப் போதும்' என்கிறாள் மனைவி. லெட்டரில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை, டிபன் பையிலேயே கிடக்கிறது. எச்.ஆரில் தினமும் கேட்கிறார்கள்."

பெயர் வேண்டாம் என்ற வாசகர், சூலூர்

தம்பி,

உங்கள் கடிதத்தை ரெண்டு தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. ரெண்டாவது தடவை கூச்சமாக இருந்தது. உங்களுக்கு 3 போட்ட மாதிரியான அறைகளில் 27 வருஷம் உட்கார்ந்தவள் நான். சேர்ந்த காலத்தில் எங்கள் துறைக்குப் 'பர்சனல்' என்று பேர், பிறகு எச்.ஆர். ஆனது. மேசையும் நாற்காலியும் அப்படியேதான் இருந்தன.

சின்ன வயசில் அப்பாவோடு அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடி நோம்பிக்குப் போவேன். அங்கே மாட்டுச் சந்தை கூடும். ரெண்டு பேர் கையைக் கோத்து மேலே துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். உள்ளே விரலைப் பிடித்துப் பிடித்து விலை நடக்கும். வெளியே முகத்தில் ஒரு ஈ, எறும்பு அசையாது. சுற்றி நிற்கிற எங்களுக்கும் ஒன்றும் புரியாது. மாடு பக்கத்திலேயே நின்று அசை போட்டுக்கொண்டிருக்கும், அதன் விலைதான் பேசுகிறார்கள் என்று தெரியாமல். அப்ரைசலுக்கு எம்.பி.ஏ. படித்தவர்கள் எத்தனை விளக்கம் சொன்னாலும் எனக்கு அந்தத் துண்டுதான் கண்ணுக்குள் வரும்.

துண்டுக்குள்ளே என்ன நடந்திருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் உங்கள் கோபம் தப்பான ஆள்மேல் போய் விழும்.

நீங்கள் உங்கள் பொறுப்புகளைப் பட்டியல் போட்ட கே.ஆர்.ஏ. ஃபாரத்தை ராத்திரி கண் முழித்து நிரப்புவதற்கு முன்பே காசு முடிவாகிவிடுகிறது. ஜனவரி, பிப்ரவரியில் மொதலாளியும் ஃபைனான்சும் உட்கார்ந்து மொத்தச் சம்பளத்தில் இந்த வருஷம் இத்தனை சதவீதம்தான் ஏற்றம் என்று ஒரு பானையை வைத்துவிடுவார்கள். அப்புறம் அதைப் பிரிவு பிரிவாகப் பங்கு போடுவார்கள். அப்ரைசல் என்பது அந்தப் பானையில் யாருக்கு எத்தனை கரண்டி என்கிற விவகாரம். ஒருத்தருக்கு 9 கொடுத்தால் இன்னொருத்தருக்கு 4 ஆகத்தான் வேண்டும். ஆக, உங்களுக்கு 3 வந்ததால் 4 சதவீதம் கிடைத்தது என்று லெட்டர் சொல்கிறது. பல சமயம் கதை தலைகீழ். 4 சதவீதம்தான் மிச்சம் இருந்தது, அதற்குப் பொருத்தமாக 3 எழுதினார்கள்.

அடுத்தது பெல் கர்வ். நூற்றுக்கு 10 பேர் உச்சி, 20 பேர் அதற்கடுத்து, மிச்சம் நடுவிலும் கீழேயும் என்று முன்கூட்டியே கட்டம் போட்டு ஆளை அதில் இறக்குவது. அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஜாக் வெல்ச் 1980களில் மேல் 20, நடு 70, கீழ் 10 என்று பிரித்துக் கீழ்ப் பத்தை வெளியே அனுப்பிப் பேர் வாங்கினார். அதைப் பார்த்து உலகம் பூராவும் பிடித்துக்கொண்டது. மைக்ரோசாஃப்ட் 2013லேயே அந்த முறையை விட்டுவிட்டது. அவிநாசி ரோட்டில் நாம் இன்னும் விடவில்லை. ஆயிரம் பேருக்குப் போட்டாலே தகராறு பிடித்த கணக்கு இது. 11 பேருக்குப் போட்டால் என்ன ஆகும்? உச்சியில் ஒருத்தர், அடுத்து ரெண்டு பேர், அவ்வளவுதான். உங்கள் பிரிவில் நிஜமாகவே ஐந்து பேர் நன்றாக வேலை செய்திருந்தால் ரெண்டு பேரை இறக்கியே ஆக வேண்டும். யாரை இறக்குவது என்பதுதான் கேள்வி. அதற்கு என்னிடம் ஒரு சாட்சி இருக்கிறது. சொல்லப் பெருமையாக இல்லை.

அப்போது நான் வேறு ஒரு கம்பெனியில் இருந்தேன், பேர் வேண்டாம். காலிபரேஷன் மீட்டிங், அதாவது எல்லாப் பிரிவு ரேட்டிங்கையும் ஒன்றாக வைத்துக் கூட்டிக் குறைக்கிற கூட்டம். ஸ்க்ரீனில் எக்ஸெல் ஷீட், மேசையில் ஆறிப்போன டீ, தட்டில் தேங்காய் பிஸ்கட். மணி இரண்டரை தாண்டிவிட்டது, ஒருத்தரும் சாப்பிடவில்லை. ஒரு பிரிவில் 4 ரேட்டிங் ஒன்று கூடுதலாக இருந்தது. "ஒண்ணக் கொறைங்க" என்றார் டைரக்டர். லேபில் ஒருத்தர் இருந்தார். காஸ்டிங் சாம்பிள் பார்ப்பவர், வாய் திறந்து பேசிக் கேட்டதே இல்லை. "இவரப் பத்தி யாராச்சும் ஏதாச்சும் சொல்லுங்க" என்றார் டைரக்டர். ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. கெட்டதாகவும் சொல்லவில்லை. அவருடைய மேனேஜர் போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். "அப்பச் சரி, மூணு." கீபோர்டு என் முன்னால்தான் இருந்தது. நான்கை அழித்து மூன்று தட்டினேன். பத்து வினாடிகூட ஆகியிருக்காது. எட்டு மாதத்தில் அவர் போய்விட்டார். அவர் இடத்துக்கு ரெண்டு பேரை எடுத்தோம். அந்த இரண்டு ஆஃபர் லெட்டரும் நான்தான் டைப் செய்தேன், அவருக்குக் கொடுத்த சம்பளத்தைவிட அதிகத்துக்கு.

அந்த மனிதருக்கு எதிராக அங்கே யாரும் சதி செய்யவில்லை. அவரைப் பற்றிச் சொல்ல யாரிடமும் ஒரு கதை இல்லை, அதுதான் விஷயம். உங்கள் ஷட்டில்காரரைப் பற்றி இருந்திருக்கும். 'அந்தப் பையன் நம்ம பெருந்துறை கஸ்டமர் வந்தப்ப முன்னால நின்னு விளக்குனானே' என்று ஜி.எம். ஒரு வரி சொல்லியிருப்பார், முடிந்தது. நீங்கள் 7ஐ 3 ஆக்கியது அதைவிடப் பத்து மடங்கு பெரிய காரியம். ஆனால் அந்த வேலையை நீங்கள் ஃபவுண்டரிக்குள்ளே போய் முடித்துவிட்டு வந்துவிட்டீர்கள். இல்லாமல் போன ரிஜெக்‌ஷனை யார் கண்ணால் பார்ப்பது? குவாலிட்டி, மெயின்டனன்ஸ், அக்கவுன்ட்ஸ் ஆட்களுக்கு இது தலையெழுத்து. நன்றாக வேலை செய்தால் ஒன்றுமே நடக்காது.

திருப்பூர் டெய்லருக்கு இந்த வெசனம் கிடையாது, கவனித்திருப்பீர்கள். சனிக்கிழமை சாயங்காலம் பீஸை எண்ணி, ரேட்டைப் பெருக்கி, கையில் வாங்கிக்கொள்வார். ரேட் குறைவு என்று சண்டை வரும். எத்தனை பீஸ் என்பதில் சண்டை வராது. ரேட் சண்டைகூட நாலு பேருக்கு நடுவில்தான். பனியன் கம்பெனிச் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து சில வருஷத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் போடுகிறார்கள். சோமனூர், பல்லடம் விசைத்தறிக்காரர்கள் 2025 மார்ச், ஏப்ரலில் தறியையே நிறுத்தி ஜவுளி உற்பத்தியாளர்களோடு கூலிக்கு மல்லுக்கட்டினார்கள். மாதச் சம்பளம் வாங்கும் நமக்கு எண்ணிக்கையும் கிடையாது, சங்கமும் கிடையாது. கதவைச் சாத்திக்கொண்டு ஒருத்தர் ஒருத்தராகக் கூப்பிட்டுச் சொல்வார்கள். "வெளிய சொல்லிக்காதீங்க" என்றும் சொல்லி அனுப்புவார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். குறைந்தபட்சக் கூலி, பி.எஃப்., போனஸ், கிராஜுவிட்டிக்கெல்லாம் சட்டம் உண்டு. நல்லா வேலை செய்தவருக்கு இத்தனை சதவீதம் ஏற்றித் தா என்று தனியார் கம்பெனியைக் கட்டாயப்படுத்த ஒன்றும் இல்லை. அரசு ஊழியருக்கு மட்டும் ஒரு பிடி இருக்கிறது. 2008இல் தேவ் தத் என்பவர் வழக்கில் உச்ச நீதிமன்றம், ரகசியக் குறிப்பில் எந்த மதிப்பீடு எழுதினாலும் அதை ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும், மறுத்து எழுத வாய்ப்பும் தர வேண்டும் என்றது. வேடிக்கை என்னவென்றால் அவருக்கு மோசமாக ஒன்றும் எழுதவில்லை. 'நன்று' என்றுதான் எழுதியிருந்தார்கள். பதவி உயர்வுக்கு 'மிக நன்று' வேண்டியிருந்தது, அந்த நன்றே வழியை அடைத்துவிட்டது. உங்கள் 3ம் அந்த மாதிரி ஒரு 'நன்று'தான். அந்தத் தீர்ப்பு உங்கள் கம்பெனிக்குச் செல்லாது. ஆனாலும் காரணம் என்ன என்று எழுத்தில் கேட்பதற்கு எந்தத் தீர்ப்பும் வேண்டாம், ஒரு ஈமெயில் போதும்.

மேனேஜரை நம்பலாமா என்றால், பாதிக்குப் பாதி. 'நான் போட்டேன், மேலே குறைச்சுட்டாங்க' என்பது நிஜமாகவே நடப்பதுதான், மேலே சொன்னேனே. தானே 3 போட்டுவிட்டு மேலே கை காட்டுகிறவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. தனியாக இருக்கும்போது, மரியாதையாக: "ஏனுங்க சார், நீங்க எனக்கு நாலு போட்டப்ப காரணம் ரெண்டு வரி எழுதிருப்பீங்கல்லங்க, அதைய நான் பாக்கலாமுங்களா? அடுத்த வருஷம் அதையே புடிச்சு இன்னும் நல்லாப் பண்ணலாம்னு பாக்கறனுங்க." நிஜமாகப் போட்டவர் சிஸ்டத்தைத் திறந்து காட்டிவிடுவார். போடாதவர் கழுத்தைத் தடவிக்கொண்டு, "அதெல்லாம் லாக் ஆயிருச்சப்பா" என்பார். இரண்டில் எது நடந்தாலும் அவரோடு சண்டைக்குப் போக வேண்டாம். யார் என்று தெரிந்துகொண்டால் போதும்.

இனிப் பணக் கணக்கு. 1,680 எப்படி 1,438 ஆனது என்று மனசுக்குள் ஒரு முள் இருக்கிறது, எடுத்துவிடுகிறேன். ஏற்றத்தில் பாதி, 840 ரூபாய், பேசிக்கில் சேர்ந்திருக்கும். அதில் 12 சதவீதம், 101 ரூபாய், கம்பெனி பங்கு பி.எஃப்.; அது சி.டி.சி.க்குள்ளேயே அடக்கம். இன்னொரு 101 உங்கள் பங்கு. கிராஜுவிட்டிக்கு 40 ஒதுக்குவார்கள். போக 1,438. இதில் யாரும் உங்களை ஏமாற்றவில்லை. 202 ரூபாய் உங்கள் பி.எஃப். கணக்கில்தான் ஏறுகிறது.

ஏமாற்றம் வேறு இடத்தில். நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 2022-23இல் சராசரி 6.7 சதவீதம், 2023-24இல் 5.4, 2024-25இல் 4.6. அதாவது மூன்று வருஷத்துக்கு முன் 100 ரூபாய்க்கு வாங்கின சாமான் இப்போது 117 ரூபாய் 60 காசு. உங்கள் சம்பளம் 5, 4.5, 4 என்று ஏறி, அன்றைய 100 இன்றைக்கு 114. மூன்று வருஷம் நல்லா வேலை செய்ததற்கு உங்களுக்கு நூற்றுக்கு மூன்று ரூபாய் சம்பளம் குறைந்திருக்கிறது. இதை ஜூனியரோடு ஒப்பிடாமல், ஷட்டிலை இழுக்காமல், தனியாகவே ஒரு தாளில் எழுதலாம். மேலே எடுத்துப்போக வேண்டிய தாள் இதுதான். 'அவனுக்கு 9 எனக்கு 4ஆ' என்று ஆரம்பித்தால் அந்த நிமிஷமே உங்களைப் பொறாமைக்காரன் என்று ஓரமாக வைத்துவிடுவார்கள். மேலே உள்ளவருக்குப் பதில் சொல்ல அதைவிடச் சுலபமான பேச்சு கிடையாது.

அந்தத் தாளின் மறுபக்கத்தில் இன்னொரு கணக்கு போடுங்கள். 4,000 காஸ்டிங்கில் 4 சதவீதம் என்றால் மாதம் 160. முன்பு திரும்பிப் போன 160 இப்போது போகவில்லை. இரும்பை உருக்கி மறுபடி ஊற்றலாம், ஆனால் கரண்டும் ஆள் கூலியும் மெஷின் நேரமும் திரும்பி வருமா? ஒரு காஸ்டிங்குக்கு என்ன நஷ்டம் என்று நீங்களாக ஒரு எண்ணைப் போட வேண்டாம். அக்கவுன்ட்ஸில் கேட்டு அவர்கள் சொல்லும் எண்ணையே போடுங்கள். 500 ரூபாய் என்று சொன்னாலும் மாதம் 80,000, வருஷத்துக்கு 9,60,000. அவர்கள் எண்ணாக இருந்தால் அதை யாரும் மறுக்க மாட்டார்கள். உங்கள் வருஷ ஏற்றம் 20,160 என்பதைப் பக்கத்தில் எழுத வேண்டாம். மொதலாளிகளுக்கு இந்தக் கணக்கு நம்மைவிட வேகமாக வரும்.

இப்போது அதைக் கொண்டுபோய் நீட்டினால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். "நல்லதுப்பா, அடுத்த சைக்கிள்ல பாக்கலாம்." பானை காலி. ஏப்ரலில் லெட்டர் கைக்கு வந்த பிறகு அழுது பயனில்லை. ஆனால் நம்ம ஊர் கம்பெனிகளில் இன்னொரு கதவு இருக்கிறது. ஃபாரம், கே.ஆர்.ஏ., காலிபரேஷன் எல்லாம் கன்சல்டன்ட் கொண்டுவந்து வைத்தவை. முடிவு பாதி நேரம் இன்னமும் மொதலாளி வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் நடக்கிறது. ஒறம்பரைக்கு, அதாவது சொந்தக்காரருக்கு, சலுகை அங்கேதான் கிடைக்கிறது என்பதும் உண்மை. அப்ரைசல் சைக்கிளுக்கு நடுவில் சம்பளத்தைத் திருத்தி ஏற்றும் ஒரு 'கரெக்‌ஷன்' கிடைப்பதும் அங்கேதான். கடைசி ஆறேழு வருஷத்தில் நான் போட்ட கரெக்‌ஷன் லெட்டர்களில் பெரும்பாலானவை ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் நடுவில் போட்டவை. போனஸ் கணக்குப் பார்க்கும்போது சம்பளப் பட்டியல் முழுக்க அவர்கள் கண்ணில் படும், மனசும் கொஞ்சம் இளகியிருக்கும். செப்டம்பர் கடைசியில் மேனேஜர் வழியாக, அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவரைத் தாண்டிப் போனதாக ஆகிவிடக் கூடாது. கேட்கும்போது ஒரு எண் சொல்லுங்கள். "பாத்துச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டு வந்தால் அவர்கள் பார்ப்பார்கள், செய்ய மாட்டார்கள்.

இடையில் ஒரு காரியம். மாதாந்திர ரிவ்யூ மீட்டிங்கில் உங்கள் ரிஜெக்‌ஷன் ஸ்லைடை யார் படிக்கிறார்? மேனேஜர்தானே. "சார், இந்த மாசம் நான் சொல்லட்டுங்களா, சந்தேகம் கேட்டா டீடெய்ல் எங்கிட்ட இருக்குது" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சந்தோஷமாக விடுவார், அவருக்கு ஒரு வேலை மிச்சம். மூன்று நிமிஷம் நின்று, எந்தக் காஸ்டிங், என்ன ப்ளோஹோல் (வார்ப்பில் காற்று அடைத்த ஓட்டை), எதை மாற்றினோம், எத்தனை குறைந்தது என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். காலையில் ஜி.எம்.மோடு ஷட்டில் விளையாடப் போக வேண்டியதில்லை. போகிறவரைத் திட்ட வேண்டியதும் இல்லை. அடுத்த பிப்ரவரியில் 'இவரப் பத்தி சொல்லுங்க' என்றால் அந்த மேசையைச் சுற்றி மூன்று பேருக்காவது ஞாபகம் வர வேண்டும், அதற்கு இந்த மூன்று நிமிஷம் போதும். பேசக் கூச்சமாக இருந்தால் சூலூர் வீட்டில் மனைவி முன்னால் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். காஸ்டிங் பற்றி ஒன்றும் தெரியாதவருக்குப் புரிந்தால் ஜி.எம்.முக்கும் புரியும்.

பேப்பர் போடலாமா? போடலாம், ஆனால் இந்த மாதம் வேண்டாம். இன்கிரிமென்ட் லெட்டர் வந்த வாரத்தில் பேப்பர் போட்டவர்களின் எக்ஸிட் இன்டர்வியூ எத்தனையோ எடுத்திருக்கிறேன். பாதிப் பேர் கையில் ஆஃபர் இருக்காது. கோபத்தில் எழுதின பேப்பரோடு தேடப் போனால், 'இப்ப சும்மாதான இருக்கீங்க' என்று கேட்டே எண்ணைக் குறைப்பார்கள். வேலையில் இருந்துகொண்டே தேடுங்கள். உங்களுக்கு 6 வருஷம் ஆகிவிட்டது, கிராஜுவிட்டி உங்கள் பணம், எப்போது போனாலும் வரும். இப்போதைய பேசிக் 21,840. அதை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, 6ஆல் பெருக்கினால் 75,600 ரூபாய். 'போனா எல்லாம் போயிரும்' என்று யாராவது பயமுறுத்தினால் இந்த எண்ணைச் சொல்லுங்கள். பி.எஃபை எடுக்காதீர்கள், புதுக் கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

வெளியே உங்களுக்கு என்ன விலை என்று தெரிந்துகொள்வதற்காகவாவது ரெண்டு இன்டர்வியூ போய் வாருங்கள். பம்ப், வால்வ், மோட்டார், டெக்ஸ்டைல் மெஷினரி என்று கோயமுத்தூரைச் சுற்றி உங்கள் வேலைக்கு ஆள் தேவை இருக்கிறது. கணபதியிலும் குறிச்சியிலும் மலுமிச்சம்பட்டியிலும் ஃபவுண்டரியின் வாசமே அறியாத குவாலிட்டி இன்ஜினியர்கள்தான் அதிகம். மணல் ஈரம் பார்க்கத் தெரிந்தவருக்குத் தனி மதிப்பு. ஒன்று ஞாபகம் வையுங்கள், இது பெரிய ஊர் மாதிரித் தெரியும், எச்.ஆர். உலகம் சின்னது. நீங்கள் இன்டர்வியூ போனது உங்கள் கம்பெனிக்கு ஒரு வாரத்தில் தெரிந்துவிடலாம். தெரிந்தால் தெரியட்டும், சில சமயம் அதுவே நல்லது. ஆனால் வெளி ஆஃபரைக் காட்டி மிரட்டுவதானால், நிஜமாகவே போகத் தயாராக இருந்தால் மட்டும் காட்டுங்கள். 'சரி, போய்ட்டு வாங்க' என்று சொல்லிவிட்டால் முழிக்கக் கூடாது.

சென்னை ஆஃபர் வந்தால் தாளை எடுத்து இன்னொரு கணக்கு. 25 சதவீதம் கூட என்பார்கள். உங்களுக்கு சூலூரில் சொந்த வீடா, வாடகையா என்று நீங்கள் எழுதவில்லை. சொந்த வீடாக இருந்தால் அந்த 25இல் பெரும்பகுதி ஒரகடம் பக்கம் வீடு வாடகைக்கு விடுகிறவருக்குத்தான் போகும்.

மனைவி சொன்னதில் பாதி சரி. அவரைச் சும்மா புலம்புகிறார் என்று நினைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஃபவுண்டரிக்குப் போவது, ராத்திரி பத்து மணிக்கு போன் எடுப்பது, பக்கத்துப் பிரிவுக்காரர் ரிப்போர்ட்டை நீங்கள் எழுதிக் கொடுப்பது, இதெல்லாம் இருந்தால் நிறுத்துங்கள். நிறுத்தினதை யாரும் கவனிக்க மாட்டார்கள், செய்தபோதும் கவனிக்கவில்லை. ஆனால் மணல் ஈரம் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். மார்ச்சில் ரிஜெக்‌ஷன் மறுபடி 5ஐத் தொட்டால் உங்களுக்குக் கொடுத்த 3 சரிதான் என்று அவர்களே எழுதி வைத்த மாதிரி ஆகிவிடும். அடுத்த கம்பெனிக்கு எடுத்துப்போக உங்கள் கையில் இருக்கிற சரக்கும் அந்த 7க்கு 3தான்.

கடைசியாக டிபன் பையில் கிடக்கிற அந்த லெட்டர். கையெழுத்துப் போட மாட்டேன் என்று வைத்திருப்பதால் எச்.ஆரில் இருக்கும் ஏதோ ஒரு சின்னப் பெண்ணுக்குத்தான் தொந்தரவு. உங்கள் 3 மாறப் போவதில்லை. லெட்டரில் அச்சிட்ட வாசகம் என்ன என்று பாருங்கள். 'ஏற்றுக்கொள்கிறேன்' என்று இருந்தால் அதன் கீழே உங்கள் கையால், 'பெற்றுக்கொண்டேன். மதிப்பீட்டில் எனக்கு உடன்பாடில்லை, காரணத்தை எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். குரலை உயர்த்த வேண்டாம், ஒரு வார்த்தைகூட அதிகமாக எழுத வேண்டாம். கொடுக்கும் முன் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி மெஷினில் வேண்டாம், சூலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் எடுங்கள். சாம்பார் கறை பட்டிருந்தாலும் பரவாயில்லை, தேதி தெரிந்தால் போதும்.